முதல் கேள்வி உனக்குத்தான்



போன வெள்ளிக்கிழமை மேக்கணக்கு லயத்தில் ஜெபமாலை முடிந்ததும் ஒரு வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். இப்படிப்பட்ட வீடு ஒன்றா, இரண்டா? அந்த அம்மா எனக்குச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டே சின்னவளின் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. எனக்குத் தவளைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. ரோட்டிலிருந்து ஏறி வரும் படிக்கட்டில் கணவரின் செருப்புச் சத்தம்.

எழுந்தார். அடுப்படியில் கிடந்த கவ்வாத்துக் கத்தியைச் சாக்குக்கு அடியில் தள்ளினார். சின்னவளின் புத்தகங்களைத் தூக்கிப் பரணில் போட்டார். பெரியவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளே எழுந்து பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்தார். எல்லாம் ஓர் 'அருள்நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற நேரத்துக்குள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு காலுதான் இழுபடுது சாமி. கால்போத்தல்தான் இருக்கும். இன்னைக்குப் பரவாயில்ல."

அவர் வந்தார். எனக்குத் தோத்திரம் சொன்னார். சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்த இரவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும் என்றிருக்கிறேன்.

உள்ளே குறட்டைச் சத்தம் கேட்ட பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன்: "நல்லாத் தூங்குறீங்களாம்மா?" "அவரு ஒம்பது மணிக்குள்ள வந்துட்டாருன்னா தூங்குவேன் சாமி." "நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?" "அவரு சாப்பிட்டாத்தான் எனக்கு எறங்கும்." "உடம்புக்கு எப்படி இருக்கு?" "அவருக்குத்தான் சாமி, ஈரல் கெட்டுப்போச்சுன்னு ரத்தினபுரியில சொல்லிட்டாங்க." மூன்று கேள்வியும் அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்டேன். மூன்று பதிலும் கணவரைப் பற்றி வந்தன. விசாரணை முடிந்தது என்பதுபோல் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டார்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கேள்விக்கொத்து வைத்திருக்கிறது. ஒரு மனிதருடைய வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். உன் தூக்கம் திருப்தியாக இருக்கிறதா? அன்றாட வாழ்வில் பயமில்லாமல் இருக்கிறாயா? உன் தேவைக்குப் பணம் இருக்கிறதா? ஓய்வாக இருக்க நேரம் கிடைக்கிறதா? வாழ்வதில் உனக்கு மகிழ்ச்சி இருக்கிறதா? அத்தனையும் பதில் சொல்கிறவரைப் பற்றிய கேள்விகள். நம் லயங்களில் உள்ள எத்தனை தாய்மார் அந்தத் தாளைத் தங்களுக்காக நிரப்புவார்கள்? கணவருக்காக நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புக்குரியவர்களே, இன்று பொதுக்காலத்தின் 13-ஆம் ஞாயிறு. முதல் வாசகத்தில் சூனேம் ஊர்ப் பெண்மணியைக் கண்டோம். வழிப்போக்கராக வந்த இறைவாக்கினர் எலிசாவுக்கு மாடியில் ஒரு சிறு அறை கட்டிக் கொடுத்தவர். கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு என்று நான்கு பொருள்களை விவிலியம் எண்ணிச் சொல்கிறது. அந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். அவருக்கு ஒரு மகன் பிறப்பான் என்ற வாக்குறுதியோடு வாசகம் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் அரசர்கள் இரண்டாம் நூலை எடுத்து, நான்காம் அதிகாரத்தில் மீதியையும் வாசியுங்கள். மகன் பிறக்கிறான், வளர்கிறான். ஒரு நாள் அறுவடை வயலில் தலை வலிக்கிறது என்று அழுகிறான். தாயின் மடியில் உச்சிவேளை வரை கிடந்து இறந்துபோகிறான். அவர் பிள்ளையை இறைவாக்கினரின் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டுக் கர்மேல் மலைக்குப் புறப்படுகிறார். இன்று என்ன திருநாளா, ஏன் போகிறாய் என்று கேட்ட கணவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

எலிசா தூரத்திலேயே அவரைப் பார்த்துவிடுகிறார். தம் பணியாளர் கேகசியை ஓடிப் போய் விசாரிக்கச் சொல்கிறார். என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார். நீ நலமா? உன் கணவர் நலமா? பிள்ளை நலமா?

இந்த வரிசையைக் கவனியுங்கள். நாங்கள் வீடு சந்திக்க வரும்போது எப்படிக் கேட்கிறோம்? ஐயா எப்படி இருக்கார், பிள்ளைங்க படிக்கிறாங்களா, பாட்டிக்கு இருமல் எப்படி. கேட்டு முடித்துவிட்டுச் செபம் சொல்லி எழுந்துவிடுகிறோம். அந்தத் தாயைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டோம். அவர் வாயால் மற்ற எல்லாரையும் பற்றித் தெரிந்துகொண்டிருப்போம். எலிசாவோ முதல் கேள்வியைச் சூனேம் பெண்ணுக்கு வைத்தார்.

அதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொன்னார் தெரியுமா? நலம் என்றார். பிள்ளை வீட்டில் பிணமாகக் கிடக்கிறது, வாய் நலம் என்கிறது. இந்தப் பதில் நமக்குப் புதிதா? கன்னத்தில் வீக்கத்தோடு பிரட்டுக் களத்துக்கு வந்து, "கதவுல இடிச்சுக்கிட்டேன் அக்கா" என்பது அந்தப் பதில்தானே.

அவர் எலிசாவின் காலைப் பிடித்தபோது கேகசி விலக்கித் தள்ளப் பார்க்கிறார். விடு, அவள் உள்ளம் கசந்துபோயிருக்கிறது, ஆண்டவர் இதை எனக்கு மறைத்துவிட்டார் என்கிறார் எலிசா. இறைவாக்கினருக்கே தெரியவில்லை. அந்த ஒப்புக்கொள்ளலை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் எனக்கு ஆண்டவர் மறைக்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

பல வருடங்களுக்கு முன், நான் புதுச் சாமியாராக வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு தாய் மழையில் நனைந்துகொண்டு என்னிடம் வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் புனித மோனிக்காவின் கதையைச் சொன்னேன். முன்கோபக் கணவரோடு எவ்வளவு பொறுமையாக வாழ்ந்தார், எத்தனை வருடம் கண்ணீரோடு செபித்தார் என்று அழகாகச் சொன்னேன். "சிலுவையைச் சுமங்கம்மா, அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் வாங்க" என்று அனுப்பிவைத்தேன். அவர் வந்தார். மூன்றாம் செவ்வாய்க்குக் கையில் கட்டோடு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மெழுகுதிரியை மற்றக் கையால் ஏற்றிவிட்டுப் போனார். அந்தக் காயத்தில் எனக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு இந்தப் பீடத்தின் முன் நின்று அதைச் சொல்லிக்கொள்கிறேன். ஆண்டவரே, இரக்கமாயிரும்.

சற்றுமுன் வாசித்த நற்செய்தியில் இயேசு சிலுவையைப் பற்றிப் பேசினார். தன் சிலுவையைச் சுமக்காதவர் என்னுடையோர் எனக் கருதப்படத் தகுதியற்றவர் என்கிறார். தன் சிலுவை. ஒருவருடைய போத்தலைத் தூக்கி இன்னொருவர் தோளில் வைத்து, இது இயேசு தந்தது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நானும் என்னைப்போன்றவர்களும் அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

திருச்சபை என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு யாரும் உங்களைப் பயமுறுத்தக் கூடாது. திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் எண், கணவனோ மனைவியோ தன் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கோ மனத்துக்கோ பெரிய ஆபத்தை உண்டாக்கினால் மற்றவர் பிரிந்து வாழ நியாயமுண்டு என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலின் 241-ஆம் எண்ணில், பலவீனமானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் காப்பதற்குச் சில வேளைகளில் பிரிவு ஒழுக்கரீதியாகவே அவசியமாகிறது என்கிறார். எல்லாரும் பிரிந்து போங்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடிய ஒரு மகள் பாவம் செய்துவிட்டாள் என்று யாரும் நற்கருணை வரிசையில் அவளை முறைத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

வெளியே பலா மரத்தடியில் நிற்கிற அண்ணன்மாரே, தம்பிமாரே, நீங்கள் கோயிலுக்குள் வராமல் அங்கே நிற்பதன் காரணம் எனக்குத் தெரியும். உங்களைத் திட்டுவதற்கு இதைச் சொல்லவில்லை. மழை பிடித்துக்கொண்டால் றப்பர் மலையில் பால் வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளில் கையும் மனசும் சும்மா இருக்காது. மாணிக்கக் குழியில் ஒரு கல் கிடைத்தாலும் தவறணை, கிடைக்காவிட்டாலும் தவறணை. போயாவுக்குக் கடை பூட்டுவார்கள் என்று முதல் நாளே வாங்கி வைப்பதும், அதுவும் தீர்ந்தால் கசிப்பைத் தேடிப் போவதும் எனக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சாராய வருமானத்தில் கண் வைத்த அரசாங்கங்கள் தோட்டங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் தவறணைக்கு அனுமதி கொடுத்துவந்தன. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக எத்தனை வருடம் கூடி நின்றோம்? 2021-ல் அது கிடைத்தபோது, அதன் முதல் பங்கு எந்தப் படியேறியது? மனைவி பறித்த கொழுந்துக்கும் கணவரே கை நீட்டிச் சம்பளம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அது முற்றாகப் போய்விட்டதா என்பதை உங்கள் வீட்டு அரிசி டின்னைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய். அதை வைத்தியர்கள் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். நோய் என்பதால்தான் பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியம் மூன்று நாளில் உடைகிறது. தேவத்தை மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகும் உடைகிறது. மாதாவின் மேல் குறை இல்லை. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதுபோல் இதற்கும் மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

தாய்மாருக்கு இரண்டு காரியம் சொல்ல வேண்டும். மறையுரையில் வைத்தியமா என்று கேட்காதீர்கள். ஒன்று: பல வருடமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆள் தெரியாமல் பேசுவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று என்னைத் தேடி ஓடி வராதீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உயிர் போகக்கூடிய நிலை அது. பிறகு நான் வந்து மந்திரிக்கிறேன். இரண்டு: தேத்தண்ணியில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று யாராவது மாத்திரை விற்றால் வாங்காதீர்கள். குடிக்கு எதிரான மாத்திரை வைத்தியர்களிடம் உண்டு. ஆனால் அதைச் சாப்பிட்டவர் தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

சரி, அவர் நிறுத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு வீடு நேராகிவிடுமா?

அமெரிக்காவில் லோயிஸ் வில்சன் என்று ஓர் அம்மா இருந்தார். அவருடைய கணவர் பில் வில்சன் பெரிய குடிகாரர். மனைவி கடையில் வேலை செய்து குடும்பத்தை ஓட்டினார், அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார், எத்தனையோ வருடம் செபித்தார். 1934 டிசம்பரில் கணவர் குடியை விட்டார். அடுத்த வருடம் இன்னொருவரோடு சேர்ந்து, குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டத்தைத் தொடங்கினார். அது இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. லோயிஸ் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? ஒரு நாள் கணவர், நேரமாகிறது, கூட்டத்துக்குக் கிளம்பு என்று சாதாரணமாகச் சொன்னார். லோயிஸ் சப்பாத்தைக் கழற்றி அவர்மேல் எறிந்தார். எறிந்த பிறகு அவருக்கே திகைப்பு. இத்தனை வருடம் என் செபத்தால் நடக்காதது யாரோ நண்பர்களால் நடந்துவிட்டதே என்ற கோபம். அவர் குடித்த நாளெல்லாம் அவரைச் சுற்றியே ஓடிய தன் வாழ்க்கைக்கு இப்போது நடுவில் ஒன்றும் இல்லையே என்ற வெறுமை. தனக்கும் ஆறுதலும் சிகிச்சையும் தேவை என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. 1951-ல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே தனியாக அமைப்பை ஏற்படுத்தினார்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற இளம் பெண் குடி நோய்க்குத் தன் கணவரைப் பறிகொடுத்தார். வசதியான வீடுதான், வசதி காப்பாற்றவில்லை. 1980-ல் அவர் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் நோயாளியோடு மனைவியையும் குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், அவர்களுக்கென்று தனி வகுப்பே உண்டு. விதவையாக நின்ற ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது, ஒரு போத்தல் திறந்தால் வீட்டில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்று.

அன்புத் தாய்மாரே, மகள்மாரே, இதை உங்களுக்கு நேராகச் சொல்கிறேன். அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் இல்லை. குழம்பில் உப்புக் கூடியதால் அவர் குடிக்கவில்லை, பெண் பிள்ளை பெற்றதால் குடிக்கவில்லை. உங்கள் செபத்தில் குறை இருந்ததாலும் குடிக்கவில்லை. சில இரவுகளில், இவர் செத்தால் தேவலை என்று உங்கள் மனசில் வந்துபோகலாம். வந்துபோனதற்காக உங்களை நீங்களே நரகத்துக்கு அனுப்பாதீர்கள். சூனேம் பெண்ணின் உள்ளமும் கசந்திருந்தது. அந்தக் கசப்போடுதான் அவர் இறைவாக்கினரின் காலைப் பிடித்தார். யாரும் அவரை விலக்கவில்லை. விலக்க வந்தவரைத்தான் எலிசா தடுத்தார். அந்தக் கசப்போடேயே நீங்களும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் வந்து உட்காரலாம். பூ வாங்கி வர வேண்டாம், மெழுகுதிரியும் வேண்டாம்.

இனி மற்ற எல்லாருக்கும். நம் லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் புகையும் போகும், அழுகையும் போகும். அடுத்த காம்பராவில் சட்டி உருளும்போது நாம் என்ன செய்கிறோம்? டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறோமா? புருசன் பெண்டாட்டி விவகாரம் என்கிறோமா? இன்றைய நற்செய்தி ஒரு கிண்ணம் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது. குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று கேட்டாலே போதும், பல வீடுகளில் ஓங்கிய கை கீழே இறங்கும். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிற பாட்டி ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் கத்தோலிக்கர் கூட இல்லை, மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவர். பேத்திகள் பாடுகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார். பாட்டி, கூச்சப்பட வேண்டாம். அந்தக் கிண்ணத்துக்கான கைம்மாறு உங்களுக்குக் கண்டிப்பாக உண்டு, இயேசுவே சொல்லியிருக்கிறார்.

கை ஓங்குவது நிற்காத வீடுகளுக்குச் சட்டமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அடிக்கிறவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுகூடக் கட்டளையிடலாம். பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற இலக்கம், மனம் தாங்காமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. இரண்டு இலக்கத்தையும் கோயில் வாசலில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பெண்கள் நின்று பார்த்தால் யாராவது கவனிப்பார்கள் என்பதால், மறைக்கல்விப் பிள்ளைகளின் கொப்பியிலும் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பிள்ளையின் கொப்பியை அம்மா புரட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கடைசியாக, நான் நினைவில் வைக்கச் சொன்ன நான்கு பொருள்கள். நம் கோயிலுக்குப் பின்னால், சகோதரிகளின் இல்லத்தை ஒட்டி, பழைய வாங்குகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை இருக்கிறது. போன வாரம் இளைஞர்கள் அதை ஒதுக்கிச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு கட்டில் போட்டிருக்கிறோம், பிள்ளைகள் இருந்தால் விரிக்க இரண்டு பாயும் உண்டு. மேசை இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தைப் பரணில் ஒளிக்க வேண்டியதில்லை. நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், தச்சு வேலை தெரிந்த யாராவது பூசை முடிந்ததும் நில்லுங்கள். விளக்கு எரிகிறது, நேற்று இரவு நானே போட்டுப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. எந்த நேரத்திலும் வரலாம், எந்த மதத்துக்காரரும் வரலாம். ஏன் வந்தாய் என்று சகோதரிகள் கேட்க மாட்டார்கள். மனைவியைத் தேடி வருகிறவர் முதலில் என்னோடுதான் பேச வேண்டும், அவருக்கும் ஒரு கோப்பை சாயத்தண்ணி கொடுப்பேன்.

சாவி சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.